துளசி அனுப்பிய சோதனைச் செய்தி

என் பெயர் ஷர்வின் த/பெ உடையப்பன். வயது 27. ஈப்போ, பெர்ச்சாமில் குடியிருக்கிறேன். மென்பொருள் நிரலாளர். தடுப்புக் காவலில் உள்ள துளசி எனக்கு உறவில்லை. நான் சொல்லச் சொல்ல போலீஸ் சார்ஜன் எழுதிக்கொள்கிறார்.

செரெமா தோட்டம் மூடிய பிறகும் அதன் மரண சகாய சங்கம் நடந்து வருகிறது. உறுப்பினர் யாராவது இறந்தால் எல்லாருக்கும் குறுஞ்செய்தி போகும். அதை அனுப்புவது ஓர் இணையச் சேவை. சங்கத்துக்கு அதை அமைத்துக் கொடுத்தவன் நான். ஒவ்வொரு கோரிக்கையோடும் ஒரு சாவியைக் காட்டினால்தான் அது ஏற்கும். சாவி என்பது நீண்ட எழுத்துத் தொடர். சார்ஜன் "பாஸ்வர்டா?" என்று இரண்டு முறை கேட்டார். இல்லை. பாஸ்வர்ட் ஓர் ஆளுடையது, சாவி எவர் கையிலும் வேலை செய்யும். சங்கத்துக்கு இரண்டு சாவிகள் உண்டு. சோதனைச் சாவியில் செய்தி யாருக்கும் போகாது. மற்றதில் எல்லாருக்கும் போகும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும்.

சென்ற சனிக்கிழமை காலை சங்கத்தின் புதிய செயலாளர் துளசிக்குப் போனில் இதைச் சொல்லிக்கொடுத்தேன். சோதனைச் செய்தியில் என் பெயரைப் போடச் சொன்னேன். அவர் மறுத்தார். "உயிரோட இருக்கறவங்க பேர சாவுச் செய்தியில எழுத மாட்டேண்ணே. எங்க மாமா இராமசாமி செத்து ஏழு வருசமாச்சு, அவரப் போடறேன்" என்றார். நேரம் போகிறதே என்று சரி என்றேன்.

அதன் பிறகு சேவை 401 என்று பதில் தந்தது. சாவியை ஏற்கவில்லை என்று பொருள். நகலெடுக்கையில் கடைசி எழுத்து விட்டுப்போயிருந்தது. நான் அதைத் தேடிக்கொண்டிருக்கையில் துளசி சங்கத் தலைவர் பத்துமலையிடம் சாவி கேட்டிருக்கிறார். அவர் வாட்ஸ்அப்பில் வேறொன்றை அனுப்பி, "இத போட்டுப் பாரும்மா, எல்லாம் ஒன்னுதான் லா" என்று எழுதியிருக்கிறார். அதன் பிறகு துளசி, "அண்ணே, உள்ள விட்டுருச்சு" என்றார். அது எல்லாருக்கும் அனுப்பும் சாவி; இராமசாமி இறந்துவிட்டதாகச் செய்தி எல்லாருக்கும் போய்விட்டது.

சங்கத்தில் உயிரோடு இன்னோர் இராமசாமி உண்டு. கமுந்திங்கில் தொழிற்சாலை வேலை. வேலை நேரத்தில் போன் லாக்கரில் இருக்கும். சித்தியவானில் இருந்த அவர் மனைவி இருளாயி செய்தியைப் படித்து, கணவருக்குப் பலமுறை அழைத்து, அதன் பிறகு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கமுந்திங்குக்குப் புறப்பட்டு, வழியில் லாரி மோதி இறந்தார். அடுப்பை அணைத்துவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறார்.

துளசிக்கும் இருளாயிக்கும் கூட்டத்தில் வாய்த்தகராறு நடந்தது உண்மை. அதனால் வேண்டுமென்றே அனுப்பினார் என்று புகார். சேவையின் பதிவு எந்தச் சாவி என்று மட்டுமே காட்டும். அது எப்படி வந்தது, என்ன நினைத்து அனுப்பினார் என்பது அதில் இல்லை. தலைவர் தாம் எதையும் அனுப்பவில்லை என்கிறார். துளசியின் போன் உங்கள் மேசையில் கிடக்கிறது. திறந்து பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை இருளாயியின் மரணச் செய்தியை நான் அனுப்பினேன். முழுப் பெயர், கணவர் பெயர், வீட்டு முகவரி எல்லாம் போட்டேன். சேவை ஏற்றது, எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தது. முந்தின நாள் வந்தது வெறும் சோதனைச் செய்தி என்று அதற்குள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சவப்பெட்டியை எடுக்கும் நேரத்தில் ஆள் போதவில்லை. நானும் ஒரு பக்கம் பிடித்தேன். இறக்கி வைத்த பிறகு போனைப் பார்த்தேன். பலரும் ஒரே பதில் போட்டிருந்தார்கள்: "தம்பி, இதுவும் டெஸ்ட்டா?"

சார்ஜன் வாசித்துக் காட்டினார். நான் சொன்னதுதான் இருக்கிறது, அது உண்மை. யாரும் மிரட்டவில்லை.

(ஒப்பம்) ஷர்வின்