முப்பத்தோராவது தட்டான்

தட்டானை எண்ண விடியற்காலையில் எழ வேண்டியதில்லை. வெயில் ஏறினால்தான் அது பறக்கும். நான் மனைவி அமிர்தவல்லி போட்டுத் தரும் காப்பியைக் குடித்துவிட்டு எட்டு மணிக்குத்தான் கண்மாய்க்குப் போவேன்.

வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஆறு வருஷமாக எண்ணுகிறேன். கறம்பக்குடிப் பக்கம் வெள்ளம் ஏறி வடிகிற பள்ளங்களில்தான் தட்டான் வகைகள் அதிகம். எங்கள் கண்மாயில் மட்டும் முப்பது.

உபரித் தண்ணீர் வழிகிற கலுங்குக் கற்களின் இடைவெளியைப் பனையோலையும் களிமண்ணும் வைத்து அடைத்து, கூடுதலாக ஒரு முழம் தண்ணீர் நிறுத்துவது எங்கள் ஊர் வழக்கம். வெள்ளம் வந்தால் அடைப்பைப் பிடுங்கிவிட வேண்டும். என் வீடு கலுங்கை ஒட்டி இருப்பதால் அந்தப் பொறுப்பு என்னுடையது.

"பூச்சி எண்ணுறப்ப எங்களையும் ஒருக்கா எண்ணிக்கங்க சார்" என்பான் கரைக்குக் கீழே இருக்கும் பள்ளத்தெருவின் சேரன். எண்ணியிருக்கிறேன். பதினோரு வீடு.

அன்று மழை விட்டிருந்தது. மேலக் கண்மாய்த் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. பிடுங்கத்தான் போனேன். அடைப்பை ஒட்டிய கோரைத் தண்டில் ஒரு தட்டான் புழு ஏறித் தோலை உரித்துக்கொண்டிருந்தது. செம்பு நிறச் சிறகு. நான் பார்த்திராத வகை. சிறகு காய ஒரு மணி நேரம் ஆகும். அடைப்பை எடுத்தால் தண்ணீர் அதைக் கோரையோடு இழுத்துக்கொண்டு போய்விடும்.

அப்போது அமிர்தவல்லி போன் செய்தாள். காய்ச்சலில் கிடந்த தன் தங்கை செங்கமலத்தைப் பார்க்க முந்தின நாளே பள்ளத்தெருவுக்குப் போயிருந்தாள்.

"ஏங்க, தண்ணி கரை மேல வழிஞ்சு வாசலுக்கு வந்துருச்சு. அடைப்ப எடுத்துட்டீங்களா? சேரன் எல்லாரையும் ஸ்கூலுக்குக் கெளம்பச் சொல்றான்."

"எடுத்தாச்சு. இப்ப வடிஞ்சிரும். காய்ச்சக்காரிய ஏன் அங்கிட்டும் இங்கிட்டும் இழுக்குற? யாரும் போக வேணாம்னு சொல்லு."

"சரிங்க. காப்பி குடிச்சீங்களா?"

குடித்தேன் என்றேன். அதுவும் பொய்தான்.

நாற்பது நிமிஷத்தில் பள்ளத்தெருப் பக்கம் கரை உடைந்தது. ஏழு பேர். செங்கமலம் மறுநாள் கிடைத்தாள். அமிர்தவல்லி மூன்றாம் நாள்.

கரை உடைந்த பிறகுதான் அடைப்பைப் பிடுங்கினேன். வேப்பமரத்தில் ஏறித் தப்பிய சேரன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க எடுத்தும் நிக்கலியே சார்" என்று அழுதான். அவனைத் தேற்றினேன். விசாரணைக்கு வந்தவர்கள் மழையளவை மட்டும் கேட்டார்கள். அதனால் நானே எழுதுகிறேன்.

அந்தத் தட்டான் பறக்கவில்லை. தண்ணீர் கரை உடைப்பை நோக்கி இழுத்தபோது கோரையோடு அதுவும் போனது. ஆனாலும் பார்த்தது பார்த்ததுதான். நோட்டில் முப்பத்தொன்று என்று எழுதினேன். இல்லாததை எழுதுகிறவன் அல்ல நான். அமிர்தவல்லிக்கு அது தெரியும்.