இருபதாவது துண்டின் சூடு

அமிர்தம்: சட்டையை மாட்டுறதும் கழட்டுறதுமா... ஏங்க, மானேஜர் கூப்பிட்டா போயிட்டு வர வேண்டியதுதானே?

மருதை: ஞாயித்துக்கிழமை ஆள் விட்டுக் கூப்பிடுறாரு. நாளைக்குக் கந்தகப் புகையை மாத்துற புது கன்வெர்ட்டரை ஓட்ட வேணாம்னு வேற சொல்லி அனுப்பியிருக்காரு. நேத்துதானே கணக்கைக் குடுத்தேன்...

அமிர்தம்: கணக்குப் போட்டவ நான். பயம் உங்களுக்கா?

மருதை: மெதுவாப் பேசு! ஆசிட் பிளான்ட் கெமிஸ்டுக்குப் பொண்டாட்டி கணக்குப் போடுறான்னு தெரிஞ்சா மானம் போயிடும்.

அமிர்தம்: அடேயப்பா! அந்தக் கன்வெர்ட்டரோட கேட்டலிஸ்ட் தொட்டியை இருபது துண்டாப் பிரிச்சு, துண்டுக்குத் துண்டு கந்தகப் புகை எவ்வளவு சூடேறும்னு லாகரிதம் புஸ்தகத்தைப் புரட்டிப் புரட்டி... என் விரல்தான் தேஞ்சுது.

மருதை: கடைசித் துண்டுல ஐந்நூத்து எண்பத்தஞ்சு டிகிரின்னு சொன்னியே. அறுநூறு தாண்டலையே!

அமிர்தம்: காத்துல கந்தகப் புகை நூத்துக்கு எட்டுன்னீங்க. அதுக்கு வந்த விடை அது.

மருதை: என் செருப்பு எங்க?

அமிர்தம்: எட்டுதானே?

மருதை: பஸ்ஸுக்கு நேரமாச்சு.

அமிர்தம்: ஒண்ணாம் நம்பர் இப்பத்தான் போச்சு. உக்காருங்க. எட்டுதானே?

மருதை: நீ ஒருத்தி! குடைஞ்சுக்கிட்டே...

அமிர்தம்: பத்தா இருந்தா அறுநூறைத் தாண்டும். கப்பல்ல வந்த கேட்டலிஸ்ட் வெந்து பாழாப்போகும். அமிலமா மாறாத புகை சிம்னி வழியா வந்து ஊரே இருமும். தெரியுமில்ல?

மருதை: பத்துதான்! போதுமா? உற்பத்தி கூடணும்னு மானேஜர் பத்துன்னு வச்சுட்டாரு. கணக்கு அறுநூறுக்குள்ள வந்தா இந்த மாசமே வேலையை நிரந்தரம் பண்றேன்னாரு. அஞ்சு வருஷமா டெம்ப்ரவரி, அமிர்தம்... என்ன பண்ணச் சொல்ற?

அமிர்தம்: அதுக்காக எங்கிட்ட எட்டுன்னு பொய்யா?

மருதை: பொய்தான். முதல் பக்கத்துல பத்துன்னு எழுதி, உன் கணக்குக்கு மேல வச்சுக் குடுத்துட்டேன்.

அமிர்தம்: என் மேலயாவது பயம் இருந்துச்சா?

மருதை: உன் மேலதான் பயமே. ஆனா ஒண்ணு புரியலை... உள்ள இருக்கறது எட்டோட கணக்குன்னு அவரு எப்படிக் கண்டுபிடிச்சாரு?

அமிர்தம்: உள்ள எட்டே இல்லைங்க. வியாழக்கிழமை உங்க சட்டையைத் துவைக்கறப்போ பையில இருந்த சீட்டுல புகை பத்துன்னு பாத்தேன். திரும்ப இருபது துண்டையும் போட்டேன், அறுநூத்துப் பதினஞ்சு வந்துச்சு. நீங்க கையெழுத்துப் போட்டு மானேஜருக்குக் குடுத்தது அதைத்தான்... என் கணக்கை என்னைக்குங்க நீங்க படிச்சுப் பாத்திருக்கீங்க?