உரித்துப் போட்ட சிவப்பு நாடா

மேலே குறித்த பெயரும் முகவரியும் என்னுடையவை. வயது ஐம்பத்து மூன்று. கல்லூரியில் வேதியியல் கற்பித்தேன். சிறுநீரகங்கள் செயலிழந்ததால் இரண்டு ஆண்டுகள் வாரம் மூன்று நாள் மருத்துவமனையில் டயாலிசிஸ் செய்துகொண்டேன்.

அந்தக் கூடத்தில் ஆறு இயந்திரங்கள். ஆறாவதில் சிவப்பு நாடா ஒட்டியிருக்கும். கல்லீரலைத் தாக்கும் சி வகைக் கிருமி உள்ளவர்களுக்கு மட்டுமே அது. சென்ற மார்ச் ஒன்பதாம் தேதி மூன்றாவது இயந்திரம் பழுதானதால் டெக்னீஷியன் என்னை ஆறாவதில் படுக்க வைத்தார். ஊசி குத்திய பிறகுதான் நாடாவைப் பார்த்தேன், கேட்டேன். அவர் நாடாவை உரித்துக் கூடையில் போட்டுவிட்டு, "இப்ப சரியா சார்?" என்றார்.

நான் குறைகளைத் தேதியிட்டு எழுதி வைப்பவன். அந்த நோட்டு என்றால் வீட்டில் எல்லோருக்கும் இளக்காரம். இந்தச் சம்பவம் அதன் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் உள்ளது. நோட்டைத் தங்கள் காவல் நிலையத்தில் ஒப்படைத்துள்ளேன்.

அதன் பிறகு மூன்றாவது வாரம், லாரி ஓட்டும் என் மனைவியின் தம்பி எனக்குச் சிறுநீரகம் கொடுத்தான். அவனுடன் எனக்குப் பத்தொன்பது ஆண்டுகளாகப் பேச்சில்லை. என் ஸ்கூட்டரைக் கேட்காமல் எடுத்துப்போய்க் கால்வாயில் இறக்கியவன், இன்றுவரை அதை ஒப்புக்கொள்ளாதவன். சிறுநீரகத்தையும் நான் கேட்கவில்லை.

அதன் பிறகு நான்காம் மாதம் என் கண்கள் மஞ்சளாயின. இரத்தத்தில் சி வகைக் கிருமி இருந்தது. அதே மருத்துவமனையின் கண்காணிப்பாளர் என் மைத்துனனை அழைத்து, 'எனக்கு இருந்த நோயை மறைத்தேன்' என்று கடிதம் வாங்கினார். சிறுநீரகம் எடுக்கும் முன் அவனுக்குச் செய்த சோதனையின் தாள் கிடைக்கவில்லையாம். ஒரு சொட்டு இரத்தம் எடுத்தால் தெரிந்துவிடும். அவர் கடிதம்தான் எடுத்தார். அதை வைத்துத் தாங்களும் அவனைக் கைது செய்தீர்கள்.

நேற்று அவனைப் பார்த்தேன். "கையெழுத்துப் போட்டாத்தான் உங்களுக்கு மருந்து ஆரம்பிப்போம்னாங்க மாமா" என்றான். படித்துப் பார்த்தாயா முட்டாளே என்றேன். "படிச்சேன். நீங்க என்னைப் பத்திச் சொல்றதவிட அதுல கம்மியாத்தான் இருந்துச்சு."

செய்ததை ஒப்புக்கொள்ளாதவன் செய்யாததை ஒப்புக்கொண்டிருக்கிறான். அவன் இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். மார்ச் ஒன்பதாம் தேதி ஆறாவது இயந்திரத்தில் எனக்கு முன் படுத்தவர் யார் என்று பதிவேட்டைப் பார்க்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்தவர் யாராவது அதைச் செய்யலாம்.

அவன் கொடுத்த சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறது. நோட்டில் அதைப்பற்றி எழுத இதுவரை ஒன்றுமில்லை.

வாசித்துக் காட்டினார்கள், சொன்னபடியே இருந்தது. கண்காணிப்பாளருக்கு முன் சேர்த்திருந்த 'மதிப்பிற்குரிய' என்ற சொல்லை மட்டும் அடிக்கச் சொன்னேன், அடித்தார்கள். இது உண்மை என்பதால் கையெழுத்திடுகிறேன், மருந்துக்காக அல்ல.

(ஒப்பம்)