பொருள்: கருணை வேண்டுதல்

உக்காருங்க, சட்டையை அப்புறம் மாத்திக்கலாம். காலையிலேர்ந்து இந்தக் கண்றாவியைப் படிச்சுப் படிச்சு எனக்கு எரிச்சலா வருது. யார்கிட்டயாவது கொட்டினாத்தான் ஆறும். ஆமா, எல்லாம் வேலை கேட்டு வந்த லெட்டர்தான். கான்வென்ட்ல என்கூடப் படிச்சாளே, இப்ப சொந்தமா கம்பெனி நடத்துறாளே, அவதான் டிரைவர்கிட்ட கட்டாக் குடுத்தனுப்பியிருக்கா. குடோனுக்கு ஒரு ஸ்டோர் கீப்பர் வேணுமாம். நாப்பத்தியொண்ணு வந்திருக்கு, உருப்படியா அஞ்சு பொறுக்கிக் குடு, மத்ததைக் கிழிச்சுப் போட்டுருன்னு சொல்லிட்டா.

இல்லைங்க, விளம்பரத்துல கம்பெனி பேரே போடலை. வெறும் போஸ்ட் பாக்ஸ் நம்பர்தான். பேரைப் போட்டா சிபாரிசைப் பிடிச்சுக்கிட்டு வாசல்ல வந்து நிப்பாங்களாம். ஃபேனைக் கூட்டணும்னா கூட்டிக்கோங்க, காகிதம் பறக்காம நான் பிடிச்சுக்கறேன்.

இதைப் பாருங்க, தேதியே இல்லை. இதுல இருக்கு, போன வருஷத்துத் தேதி. வேற எங்கயோ போட்டதை ஜெராக்ஸ் எடுத்து, விலாசத்துல மட்டும் வெள்ளை மை தடவி மாத்தியிருக்கான். இவன் ரோஜாப்பூ அச்சடிச்ச காகிதத்துல எழுதியிருக்கான். வேலை கேக்கறானா பொண்ணு கேக்கறானா? இடது பக்கம் ரெண்டு விரக்கடை இடம் விட ஒருத்தனுக்காவது தெரியுதா? மார்ஜின் கோணினாலே எங்க சிஸ்டர் முழு லெட்டரையும் திருப்பி எழுத வெப்பாங்க. அனுப்புநர், பெறுநர், தேதி, பொருள், அப்புறம் விஷயம். விஷயம்னா நாலு வரி. எந்த வேலை, என்ன தெரியும், எத்தனை வருஷம் பாத்தேன், எப்ப வந்து சேரலாம். அவ்வளவுதான். இதுக்குப் போய் ஏன் இந்தப் பாடு?

சரி, அதெல்லாம் தெரியாத்தனம், தொலையட்டும். இந்த ஒண்ணைத்தான் நாலு தடவை திருப்பித் திருப்பிப் படிச்சேன். எந்திரிக்காதீங்க, காபி நான் போடறேன், முதல்ல கேளுங்க. ஒரே இடத்துல இருபத்திமூணு வருஷம் ஸ்டோர்ஸ் பாத்த மனுஷன். மார்ச்ல ஆள் குறைக்கிறோம்னு நிறுத்திட்டாங்களாம். அந்த அனுபவத்தை எங்க எழுதியிருக்கார் தெரியுமா? ரெண்டாம் பக்கத்துக் கடைசியில, ஏதோ செஞ்ச குத்தத்தை ஒத்துக்கற மாதிரி. ஆரம்பமே பொற்பாதங்களுக்குன்னு வருது. தபால் பெட்டி நம்பருக்கு ஏதுங்க பாதம்? பொருள்னு போட்டு, வேலையோட பேரை எழுத வேண்டிய இடத்துல கருணை வேண்டுதலாம். எந்தச் சம்பளம் குடுத்தாலும் கைகட்டி வேலை செய்வாராம். இதைப் படிச்சுட்டு எவ சம்பளம் குடுப்பா? கட்டின கையைத்தான் பாப்பா.

அனுப்புநர்ல வீட்டு விலாசம் கிடையாது. லைப்ரரி விலாசம். ஏன்னா வீட்டுக்கு இன்னும் விஷயம் தெரியாதாம். என் மனைவி வெளியுலகம் அறியாதவர், கேட்டால் தாங்கமாட்டார், ஆகவே பதிலை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். எழுத்து மாறாமப் படிக்கறேன். ஸ்டோர் கீப்பர் வேலைக்கும் அவர் பொண்டாட்டி தாங்கறதுக்கும் என்னங்க சம்பந்தம்?

தலையை நிமுத்துங்க. வேலை போனதைப் பத்தி நான் ஒரு வார்த்தை கேட்டேனா? பொற்பாதத்தைப் பத்தித்தான் கேக்கறேன்.

அஞ்சு லெட்டர் பொறுக்கியாச்சு. அதுல இது இல்லை. சினேகிதி கம்பெனிங்கறதுக்காக இந்தக் கெஞ்சலை உள்ள தள்ளினா, உங்களுக்கும் அசிங்கம், எனக்கும் அசிங்கம். கடைசி தேதி வெள்ளிக்கிழமை. இந்தாங்க வெள்ளைத் தாள், மார்ஜின் விட்டு மடிச்சு வெச்சிருக்கேன். எந்த போல்ட் எந்த அலமாரியில இருக்குன்னு இருட்டுலகூடக் கையை விட்டு எடுப்பீங்களே, அதை முதல் வரியில எழுதுங்க. நாப்பத்திரெண்டாவதா வரட்டும். யார் புருஷன்னு அவகிட்டச் சொல்லிட்டுத்தான் குடுப்பேன். சரியில்லைன்னா அவ கைக்கே போகாது, நானே கிழிச்சுருவேன்.

நாளைக்கு உங்களுக்கு டிபன் கட்டப் போறதில்லை. நாலு மாசமா லைப்ரரி மரத்தடியில ஆறிப்போனதைத் தின்னது போதும். மத்தியானம் சூடா, இங்கயே சாப்பிடுங்க.