கதவின் முதுகு

எங்கள் சங்க அறைக் கதவைப் பகலில் யாரும் சாத்துவதில்லை, ஐயா. சாத்தினால் புழுங்கும். காலையில் நான்தான் உள்பக்கமாகத் தள்ளித் திறந்து, சுவரோடு ஒட்டி நிற்க ஒரு கட்டையை முட்டுக் கொடுப்பேன். எல்லோரும் போன பிறகு நான்தான் சாத்துவேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், பிறகு உதவும்.

சங்கம் வெளிப்படையாக நடக்கவில்லை என்று என்மேல் புகார். எனக்கு மறைக்கிற பழக்கமே கிடையாது. பல்செட்டைக்கூடக் கழற்றி மேசைமேல்தான் வைப்பேன்.

மர அறுவை மில்லில் நாங்கள் முப்பத்தொரு பேர். பதினெட்டு வருஷமாக நான் தலைவர். முதலாளி எனக்கு ஒரு சுழல் நாற்காலி அனுப்பினார். லஞ்சம் இல்லை, எனக்கு மூலம். என் பெண்டாட்டியின் தம்பி, ரம்பத்துக்கு வலது கையைக் கொடுத்தவன், ஒருநாள் ஆரம்பித்தான்.

"தலைவர் பதவியைச் சுத்துல விடணும், மாமா."

"நாற்காலியே சுத்துது. ஆளும் சுத்தணுமாடா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. பெரிய ரம்பத்துக்கு இரும்பு மூடி வேண்டும், போடும்வரை வேலைநிறுத்தம் என்று ஓட்டெடுப்பு கேட்டான். மூடி போட்டால் அறுப்பு மெதுவாகும், முதலாளி முகம் சுருங்கும், நாற்காலி போகும். தலைகளை எண்ணினேன். அவன் பக்கம் பதினாறு, என் பக்கம் பதினைந்து. அந்தப் பதினாறில் ஏழு பேர் வலது கையோ அதில் விரலோ குறைந்தவர்கள். மில்லில் அவர்களைச் சில்லறை என்போம். முழு நோட்டு இல்லையே.

நான் கைநாட்டு. படித்தவனை நம்பமாட்டேன், ஆனால் அவன் எழுதிவைத்ததைப் பிடித்துக்கொள்ளத் தெரியும். சங்கச் சட்டப்படி, புது விதியைச் சங்க அறையில் இருபத்தொரு நாள் ஒட்டிவைத்து, மறுப்பு வராவிட்டால் அது நிறைவேறியதாம். மருந்துக்கடைக்காரரிடம் எழுதி வாங்கினேன்: வலது கையை ஐந்து விரலும் தெரியத் தூக்கினால்தான் ஓட்டு. கதவின் உள்பக்கத்தில் ஒட்டினேன். நாலு மூலையிலும் பசை தடவினேன், யாரும் குறை சொல்லக் கூடாதே. பகலெல்லாம் அது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. சுவர் மறுப்பு சொல்லவில்லை.

ஓட்டெடுப்பு அன்று கதவைச் சாத்திக் காட்டினேன். மச்சான் இடது கையைத் தூக்கினான்.

"இது கையில்லாம காலா, மாமா?"

"கைதான்டா. ஆனா இடது."

"வலது எங்க போச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். விதிக்குத் தெரியாதே."

ஒன்பதுக்குப் பதினைந்து. என் பக்கம் முதலில் எழுந்தது என் மகளின் புருஷன் கை. "மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று விரலை விரித்துக் காட்டினான். மூன்றாம் வாரம் அந்தக் கையை ரம்பம் எடுத்துக்கொண்டது, முழங்கையோடு.

இப்போது மகள் அவனுக்குப் பித்தான் போட்டுவிடுகிறாள். என்னோடு பேசுவதில்லை. போன மாதம் மூடிக்கு மறுபடி ஓட்டெடுப்பு. மாப்பிள்ளை இடது கையைத் தூக்கினான். நான் எண்ணவில்லை. விதி சொந்தபந்தம் பார்க்குமா?

ஆமாம், எழுதவைத்தது நான், ஒட்டியது நான். யாரும் படிக்கக் கூடாது என்றுதான் அங்கே ஒட்டினேன். ரேகை எங்கே வைக்க வேண்டும்? இடது பெருவிரலா? பரவாயில்லை, உங்களிடம் இடது கையும் செல்லுகிறது.

ஒன்றை மட்டும் மேலே எழுதிவிடுங்கள், ஐயா. இந்தப் பதினெட்டு வருஷத்தில் நான் யார் மேலும் கை வைத்ததில்லை.