வயர் கழற்றிய கீபோர்ட்

இரவு பதினொன்றே கால். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரை ரயில் பாதைக்கு இறங்கும் ஒரு ஒழுங்கை. தொண்ணூற்றாறாம் ஆண்டு. நாடு முழுக்க மின்வெட்டு. சென்றிக் காவலரணில் நின்ற ஆமிக்காரனின் டோர்ச்சைத் தவிர வெளிச்சம் என்று ஒன்றுமில்லை. கடல் மட்டும் இரைந்துகொண்டிருந்தது...

அந்த இருட்டில் தனியே நடந்து வந்தவர் கொன்ஸ்ரன்ஸ். நம்முடைய கூட்டாளி ஸ்ரனிஸ்லாஸின் மாமி. அவன் வாயால் சொன்னது இது. சிரிக்கிறதென்றால் இப்போதே சிரித்து முடியுங்கள்.

மாமி லேசுப்பட்ட ஆள் இல்லை. பதினைந்து வயதில் கொட்டாஞ்சேனைக் கோயிலில் ஓர்கன் வாசித்தவர், பதினெட்டில் ஒரு சைக்கடெலிக் ரொக் குழுவில் போய்ச் சேர்ந்தார். கிற்றாருக்கு வரதராசா, ட்ரம்ஸுக்கு மாளிகாவத்தை இஸ்ஸதீன், ஓர்கனுக்கு இவர். ஹெந்தளைக் கடற்கரை ஹோட்டலில் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு அரை மணித்தியாலம் போகும் பாட்டுகள். வெள்ளைக்காரர்கள் மணலில் கிடந்து, கண்ணை மூடிக் கேட்பார்களாம். தகப்பன் வீட்டைப் பூட்டினார். மாமி மதில் ஏறிக் குதித்துப் போய் வாசித்தார்.

எண்பத்து மூன்று இனக்கலவரத்தில் அந்த ஓர்கனை வீதியில் போட்டுக் கொளுத்தினார்கள். வரதராசா கனடா போனான், இஸ்ஸதீன் டுபாய் போனான். மாமிக்கும் வெளிநாடு போக விமான ரிக்கெட் வந்தது. திருப்பி அனுப்பிவிட்டார். பழைய கீபோர்ட் ஒன்றை வாங்கி, இரத்மலானைப் பக்கக் கலியாண வீடுகளில் சினிமாப் பாட்டு. அறைக்கு வந்தால் தன்னுடைய பாட்டு. வாசிப்பதையெல்லாம் பற்றரியில் ஓடும் சின்ன ரெக்கோடரில் பதிந்துவைப்பார்.

தனியாக இருக்கும் தமிழ்ப் பெண்ணுக்கு அறை கொடுக்க அப்போது எல்லோருக்கும் பயம். கொடுத்தவர் இந்த ஒழுங்கையில் இருந்த சரோஜினிதேவி ரீச்சர். கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்.

"மேல் அறை எண்பத்து மூண்டில ஆக்களோட எரிஞ்சது, பிள்ளை. பிறகு திருத்திக் கட்டினது. முந்தி வந்த ரெண்டு பேரும் ஒரு கிழமைகூட நிக்கேல்ல."

"நான் நிப்பன், ரீச்சர்."

அந்த மின்வெட்டு இரவு, மாமி குடிவந்த நாலாம் நாள். பொலிஸ் பதிவுக்கென்று போனவரைப் பின்னேரம் தொட்டு இரவு பத்து மணி மட்டும் மர வாங்கில் இருத்தி, ஏன் வந்தாய், யாரோடு இருக்கிறாய் என்று கேட்டதையே கேட்டு அனுப்பியிருந்தார்கள். பசி. ஆத்திரம். வீட்டை நெருங்கும்போது மேல் யன்னலிலிருந்து ஒரு சத்தம்...

இடது கோடியின் அடிக்கட்டை, தாழ்ந்த சுரம். ஒரே சுரம். விடாமல்.

மாமி நின்றார். அது அவருடைய கீபோர்ட். ஆனால் கரன்ட் இல்லையே. போதாததற்கு, வெளிக்கிடும்போது வயரைக் கழற்றிவிட்டுத்தான் போனவர்.

படி ஏறினார். பூட்டு போட்டபடியே இருந்தது. திறந்தார். மண்ணெண்ணெய் மணம்... அதற்குள் கருகிய தலைமயிர் மணம். நெருப்புக் குச்சியை உரசினார். அணைந்தது. இன்னொன்று. அதுவும் அணைந்தது. சுரம் மட்டும் நிற்கவில்லை.

வேறு யாரென்றாலும் ஓடியிருப்பார்கள். மாமி செருப்பைக் கழற்றி மூலையில் எறிந்தார்.

"பொலிஸ் ஒரு பக்கம், ஆமி ஒரு பக்கம். இப்ப நீங்களுமோ?"

தடவிப் போய் ரெக்கோடரின் பதியும் பொத்தானை அமத்தினார். கீபோர்டுக்கு முன்னால் இருந்த சின்ன வாங்கில் இருந்தார். வலது கையைக் கட்டைகளில் வைத்தார். வயர் இல்லாத கீபோர்ட் அவருக்கும் பாடியது. ஹெந்தளையில் வாசித்த அதே நீளப் பாட்டு. பயம் வர வர இன்னும் பலமாக அடித்தார். பிறகு இடது கையை அடிக்கட்டைக்குக் கொண்டுபோனார்...

அங்கே விரல்கள் இருந்தன.

சூடான விரல்கள். காய்ச்சல்காரரின் கைபோல.

மாமி கையை எடுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்:

"கொஞ்சம் அரக்கி இரும். இது என்ர இடம்."

அந்த விரல்கள் ஒரு கட்டை அளவு விலகின. வாசித்தார்... வாசித்துக்கொண்டே இருந்தார். ஒரு மணிக்குக் கரன்ட் வந்தது. பல்ப் எரிந்த கணத்தில் சத்தம் அறுந்தது. அறையில் ஒருவரும் இல்லை. வயர் சுருண்டு நிலத்தில் கிடந்தது.

காலையில் ஸ்ரனிஸ்லாஸ் போனபோது இருவருமாக அந்தக் கசற்றைப் போட்டுக் கேட்டார்கள். பாட்டு பதியவே இல்லை. வெறும் பிளாஸ்ரிக் கட்டைகள் தட்டுப்படும் சத்தம்... டக், டக், டக். நடுவில் மாமியின் குரல்: "கொஞ்சம் அரக்கி இரும். இது என்ர இடம்."

அதற்குப் பிறகு, மைக்குக்கு மிகக் கிட்ட, ஒரு பெண்பிள்ளையின் களைத்த குரல்:

"இதுக்கு மேல அரக்க இடமில்லை, அக்கா. ஏழு பேர் இருக்கிறம்."

ஸ்ரனிஸ்லாஸ் எழும்பிக் கதவடிக்குப் போய்விட்டான். "மாமி, இண்டைக்கே வெளிக்கிடுங்கோ. எங்கட வீட்ட வாங்கோ."

மாமி கசற்றைப் பின்னுக்கு ஓட்டி இன்னொரு தரம் கேட்டார். "ஏன்ரா வெளிக்கிடோணும்? ஓர்கனை எரிச்ச நேரமே நான் வெளிக்கிடேல்ல. இவை பாவங்கள், எங்க போறது?"

அன்றைக்கே தச்சனிடம் போய் எட்டுப் பேர் இருக்கக்கூடிய நீள வாங்கு ஒன்றுக்குச் சொல்லிவிட்டு வந்தார்.

வருடங்கள் ஒன்பதாகின்றன. மாமி இன்னும் அதே அறையில்தான். வாங்கின் வலது ஓரத்தில் இருந்துதான் வாசிப்பாராம். அந்த அறைக்கு வேறு ஆட்கள் ஏறுவதில்லை. போன மாதம் ஸ்ரனிஸ்லாஸ் துணிந்து மேலே போய்ப் பார்த்திருக்கிறான்.

வாங்கு முழு நீளத்துக்கும் வார்னிஷ் தேய்ந்து, மரம் வெளியே தெரிந்ததாம்.