காருக்குப் பின்னால் நடந்தவள்

"ஹலோ... ஹலோ... திலக் நகர் மரக்கடையா? யாரு, வானமாமலை அத்தானா? நாந்தான்... பிரம்மநாயகம்... ஆமா, தாராவி பிரம்மநாயகந்தான்... தங்கச்சிக்கு இப்ப எப்படி இருக்கு?... ம்... ம்... ஊசி போட்டாங்களா... படுக்கவே முடியலையா? விடிய விடிய உக்காந்தேவா இருந்தா?... ம்..."

பிரம்மநாயகம் பிள்ளைக்கு மெதுவாகப் பேசிப் பழக்கமில்லை. தாராவியில் அவருடைய பலசரக்குக் கடையில் நின்று பையனை ஒரு அதட்டு அதட்டினால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போகிறவன் திரும்பிப் பார்ப்பான். அப்பேர்ப்பட்ட மனுஷன் இன்றைக்கு ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, சுவரைப் பார்த்துக் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார். மாட்டுங்காவில் வெங்கடேஸ்வரன் ஹோட்டல், காலை இட்லி நேரம், போன் இருப்பதோ கல்லாவுக்குப் பக்கத்தில். உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் தெரிந்தவர்கள். நேற்று திலக் நகரில் நடந்த கூத்து அவருக்கு முன்னாலேயே பஸ் ஏறி இங்கே வந்து சேர்ந்திருந்தது.

"அத்தான், ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதிய. என்னைய எதுக்கு 'ஐயா, ஐயா'ங்கிய? நேத்து சாயங்காலம் வரைக்கும் மச்சான்னுதானே கூப்பிட்டிய... ம்... சரி... சரி. உங்க இஷ்டம்."

நடந்தது இவ்வளவுதான். அவருடைய மகன் வெயிலுமுத்துவுக்கும் வானமாமலையின் மகள் செண்பகவல்லிக்கும் நேற்றுப் பரிசம். மாப்பிள்ளை வீட்டார் திலக் நகர்ப் பிள்ளையார் கோயிலுக்கு வந்து, சேலையும் பூவும் தேங்காயும் வைத்த தட்டுகளைப் பெண் வீட்டுப் பெண்கள் கையில் கொடுக்க வேண்டும். அவர்கள் அதை வழியில் எங்கேயும் கீழே வைக்காமல் வீடு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கோயிலுக்கும் வீட்டுக்கும் இரண்டு தெரு. அந்த இரண்டு தெருவுக்குப் பிள்ளைவாள் கார் கொண்டுவந்தார். மேளம் முன்னால், கார் நடுவில், தட்டு ஏந்திய பெண்கள் பின்னால். பெண்ணைப் பெற்ற ஆறுமுகத்தாய் பிள்ளைக்குத் தங்கச்சி முறை, அவளுக்கு மூச்சிளைப்பு உண்டு. அவள்தான் பெரிய தட்டோடு காரை ஒட்டி நடந்தாள். கார் கக்கிய புகையில் வீடு தெரிகிற தூரத்தில் மூச்சு முட்டிச் சாய்ந்துவிட்டாள்.

"அது கரீம் பாட்சா காரு அத்தான். வண்டி நல்லாருக்குன்னுதான் குடுத்தான்... இல்ல, இல்ல, அவன் மேல பழியப் போடல. மேளக்காரன் நாலடிக்கு ஒரு தரம் நின்னு நின்னு வாசிச்சான். அவன் பொறத்தால கார் ஊர வேண்டியதாப் போச்சு. அப்படி ஊந்தா எந்த வண்டியும் புகையத் தள்ளத்தானே... ம்... ஆமா... ஆமா. மேளக்காரன் காலால நடந்துதான் வந்தான். அவன் என்ன செய்வான். தப்பு அவன் மேலயும் இல்ல."

கல்லாவில் இருந்த வெங்கடேஸ்வரன் ஒரு காப்பியை நகர்த்தி வைத்தார். பிள்ளை வேண்டாமென்று கையைக் காட்டினார். போனுக்காக நின்ற ஆளிடம் "தோ மினிட், பாய்" என்றார்.

"என்ன கேட்டிய?... நடந்து வந்திருக்கலாம் அத்தான். யாரு இல்லன்னா? பயலும் அதத்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னான். 'ரெண்டு தெருவுக்கு எதுக்குப்பா காரு, எல்லாரோடயும் நானும் நடந்து வாறேன்'னான். நாந்தான் கேக்கல. அவன் தினம் வேலைக்கு சைக்கிள்ல போறத வச்சு உங்க பக்கத்து ஆளு ஒருத்தரு 'சைக்கிள் மாப்பிள்ளை'ன்னு சிரிச்சாராம். அது எனக்கு உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டே கெடந்துச்சு... ம்... தெரியும், நீங்க சிரிக்கல. நீங்க அப்படிப்பட்ட ஆளு இல்ல.

"சத்தியமாச் சொல்லுதேன் அத்தான், உள்ள உக்காந்திருந்த எனக்கு ஒரு வாடையும் வரல. முன்சீட்டு. கார்ல கட்டியிருந்த மல்லிகைப்பூ வாசந்தான் வந்துச்சு. பின்னால பொம்பளைக இருமுனது மேளச் சத்தத்துல கேக்கல... ம்... ஆமா. திரும்பிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். பாக்கல."

அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ கேள்வி வந்தது. அவர் முகம் விழுந்துவிட்டது.

"அவ சாயும்போது... நான் என்ன சொன்னேன்னா?... அதெல்லாம் இப்ப எதுக்கு அத்தான்... காதுல விழுந்துச்சா... ம்... 'தட்டு'ன்னு... கேக்கலையா? 'தட்டு'ன்னேன்... லைன் சரியில்லயா? சத்தமாவா?... அத்தான், இங்கன ஆளுக இருக்காக..."

அவர் திரும்பிப் பார்த்தார். ஒருத்தன்கூட இட்லியில் கை வைக்கவில்லை. சாம்பார் வாளியோடு நின்றவன் நின்ற இடத்திலேயே நின்றான். வானமாமலை ஒன்றும் தெரியாதவர் இல்லை, தெருவே கேட்ட சத்தம் அது. இவர் வாயால் ஒரு தரம் வரட்டும் என்றுதான் கேட்கிறார். பிள்ளைக்கு அது புரிந்தது. காது மடல் எரிந்தது. பொத்தியிருந்த கையை எடுத்தார்.

"'தட்டு, தட்டு, கீழ போட்டுராதிய'ன்னு கத்துனேன் அத்தான். மேளம் நின்னுச்சேன்னு திரும்புனா, ஒரு பொம்பளை மூச்சுக்குத் தவிக்கா, நான் தட்டப் பாத்துக் கத்துனேன். ஆளப் பாக்கல. என் மகன் குதிச்சு ஓடி அவளத் தாங்குனான். நான் காரை விட்டு எறங்கக்கூட இல்ல. கேக்குதா? இப்பக் கேக்குதா?... ம்... நான் செஞ்சது மனுஷன் செய்யுத காரியம் இல்ல. வேற என்னத்தச் சொல்ல."

கடைக்குரல் முழுசாக வந்துவிட்டது. ஹோட்டல் மொத்தமும் தலையைக் குனிந்துகொண்டது. அவருக்காக அவர்களுக்கே கூச்சமாகிவிட்டது.

"யாருகிட்ட குடுக்கிய?... ஹலோ... யாரு, செண்பகவல்லியா?"

ஸ்டூலில் இருந்து பிள்ளை எழுந்துவிட்டார். முனிசிபல் பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற பெண். நேற்று வரைக்கும் அவளுக்கு முன்னால் கால் மேல் கால் போட்டுத்தான் உட்கார்ந்திருந்தார்.

"சொல்லு தாயி... கேளு, என்ன வேணும்னாலும் கேளு... கோயில்ல இருந்து நடந்தா எவ்வளவு நேரமா? வாயில போட்ட வெத்தலை மெல்லுததுக்குள்ள வந்துரலாம்... ஆமா. நடக்கிறவன் யாரு மூச்சையும் கெடுக்கதில்ல... சைக்கிளும் அப்படித்தான். அவன் மூச்சுதான் அவனுக்கு வாங்கும், அடுத்தவனுக்கு ஒண்ணுமில்ல... பஸ்ஸா? பஸ்ஸு கக்கத்தான் செய்யுது. ஆனா அது அம்பது அறுபது பேர ஏத்திக்கிட்டுல்லா கக்குது... ட்ரெயினுல புகையே கெடையாதே, கரண்டு... என்னது?... அந்தக் கரண்டுக்கும் எங்கயோ கரி எரிக்காகளா? அது எனக்குத் தெரியாது தாயி... ஓ... அந்தப் புகைபோக்கி உங்க பக்கத்துலதானா. அந்தக் கரியும் உங்க கொடியில காயுத துணியிலதான் வந்து விழுதா...

"ம்... சரி... சரி. பம்பாய்க்காரன் பூராத்துக்கும் ட்ரெயின் ஓட அது எரியுது, சரி. நேத்து எத்தன பேருக்காக எரிஞ்சுதுன்னு கேக்கியா?... கார்ல... நானு, உங்க மாப்பிள்ள, டிரைவரு. பின்னால நாப்பது பேரு... ஆமா தாயி. மூணு பேரு உக்காந்து வார தோரணைக்கு நாப்பது பேரு புகை குடிச்சாக. கணக்கு சரிதான். பயலயும் அந்தக் கணக்குல சேக்காத, அவன நாந்தான் கையப் புடிச்சு ஏத்துனேன். நேத்துலருந்து என்கூடப் பேச மாட்டேங்கான். சாப்பிடவும் இல்ல."

பாவம், மகனையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று மனுஷன் தவித்தார். பேச்சு போகிற போக்கைப் பார்த்தால் கல்யாணமே நின்றுவிடும் போலிருந்தது.

"இன்னொண்ணா? சொல்லு... தட்டா? தட்டுதான் சிதறியிருக்குமே, பொறவு நான் பாக்கல... விழலையா?... கீழ வைக்கலையா? முட்டங்கால் ரெண்டும் ரோட்டுல ஒரசி... தோல் பேந்து... கைய மட்டும் தூக்கியா? யாரு சொன்னா அப்படிப் புடிக்க... என் சத்தத்தக் கேட்டா..."

பிள்ளை காலில் கிடந்த செருப்பைக் கழற்றித் தள்ளினார்.

"தாயி, இந்தச் சம்பந்தம் வேண்டாம்னு நீ சொன்னா அதுதான் நியாயம். நான் ஒரு வார்த்தை எதுத்துப் பேச மாட்டேன். வெயிலுமுத்து நல்ல பையன், அது ஒண்ணுதான் சொல்லுவேன்... ம்... ம்... அம்மா முடிவா? வேண்டாம், அவள எழுப்பாத... எந்திச்சு வந்துட்டாளா? ஐயோ, எதுக்கு வரச் சொன்ன... தங்கச்சி... தங்கச்சியா? நீ பேசாத. எனக்கு இங்கன வரைக்கும் இளைப்பு கேக்குது. பேசாம உக்காரு...

"என்னது?... நீயா? நீ எதுக்கு தங்கச்சி என்கிட்ட மன்னிப்பு... விசேஷத்த நீ கெடுத்தியா? அப்படிச் சொல்லாத. அப்படி ஒரு வார்த்தை சொல்லாத... ம்... பூ சிந்துனா சிந்திட்டுப் போவுது...

"தேதியா... அதே தேதியா? மாத்த வேண்டாமா?... ம்... ம்... சரி... எதுக்கு?... ஊர்வலத்துக்கா? கல்யாண ஊர்வலத்துக்கு நீ வரலையா?... வீட்டுலயே இருந்துக்கிடுதியா... பெத்தவ நீ இல்லாம... நாங்க... உனக்காகக் காரை நிறுத்த வேண்டாமா... காருதான் எனக்குக் கௌரவமா..."

அதற்கு மேல் அவருக்குக் குரல் வரவில்லை. வாய் திறந்துதான் இருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது. ஐம்பது வயது ஆள், தெரிந்தவர்கள் அத்தனை பேருக்கும் முன்னால், துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டது. கொஞ்சம் பொறுத்து, மறுபடியும் கேட்டது. பிறகு டொக்கென்று சத்தம்.

"தங்கச்சி... வேண்டாம்... காரு வேண்டாம் தங்கச்சி. நடந்துதான் வாறோம். நானும் பயலும் எல்லாரும் நடந்துதான்... நீ முன்னால வா, உன் பொறத்தால நாங்க வாறோம்... ஹலோ... கேக்குதா? ஹலோ... தங்கச்சி..."

ஹோட்டலில் எச்சில் இலை எடுக்கிறவன் வரைக்கும் அதைக் கேட்டான். அவளுக்குத்தான் கேட்கவில்லை. இவர் பேசாமல் நின்றதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஆறுமுகத்தாய் போனை வைத்துவிட்டாள்.